நிழலும் அடையாளமும்: புற்றுநோய் காண்டலில் எக்ஸ்-கதிர் ஒளிர்வு

1895-ஆம் ஆண்டில் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த நாள்தொட்டு, மருத்துவர்க்குப் பெரிதும் பயன்பட்டு வருவது அக்கதிர் வீழ்த்தும் நிழலேயாகும். எலும்பு கதிரை மிகுதியாகத் தடுத்தலின் அதன் நிழல் தெளிவுறும். தொடக்க நிலையிலுள்ள சிறு புற்றுக்கட்டியோ பலகால் தன்னைச் சூழ்ந்த திசுவோடு ஏறத்தாழ ஒத்த அடர்த்தியுடையது. ஆதலின் நிழலில் அது பிரிந்து தோன்றுதல் அரிது. இக்குறையை நீக்க முயலும் நெறிகளுள் ஒன்று எக்ஸ்-கதிர் ஒளிர்வுப் படமுறை.

வலிய எக்ஸ்-கதிர் அணுவின் உட்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்றும். அவ்வெற்றிடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று நிரப்புங்கால், இரு நிலைகட்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாடு புதியதோர் எக்ஸ்-கதிராக வெளிப்படும். இதனையே ஈண்டு ஒளிர்வு என்கிறோம். இது கண்ணுக்குப் புலனாகும் ஒளியன்று. இதன் ஆற்றல் தனிமந்தோறும் வேறுபடும். அணு எண்ணுக்கேற்ப அஃது ஒழுங்குற மிகுதலை 1913-இல் மோஸ்லி நிறுவினார். துத்தநாகத்திற்கு 8.6, தங்கத்திற்கு 68.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றாற்போல ஒவ்வொரு தனிமமும் தன் பெயரைத் தானே உரைக்கும்.

துத்தநாகத்தின் கதிர் ஓரிரு மில்லிமீட்டர் திசுவைக் கடப்பதற்குள் பெரிதும் நலிந்துவிடும். ஆகவே உடலினின்று எடுத்த மெல்லிய திசுச் சீவல்களில் தனிமங்களின் பரவலை ஆராய்தற்கே அது பயன்படும். தங்கத்தின் கதிரோ உடலின் ஆழத்தினின்றும் வெளிவர வல்லது. இதுபற்றியே, புற்றணுக்களைப் பற்றும் எதிர்ப்புரதத்தைத் தங்க நுண்துகளோடு பிணைத்து உடலுட் செலுத்தி, மெல்லிய கற்றையால் இடந்தோறும் துழாவும் முறை ஆராயப்படுகின்றது.

இதற்குள்ள பெருந்தடை சிதறலாகும். உடலிற் பலமுறை சிதறி ஆற்றல் குன்றிய கதிர்கள், தங்கத்தின் அடையாளம் தோன்றும் பகுதியிலேயே வந்து விழுந்து அதனை மறைக்கும். கதிரளவை மிகுப்பின் நோயாளிக்குக் கேடு. ஹாம்பர்க் ஆய்வாளர் 2018-இல் சுண்டெலியின் தண்டுவடத்திலிருந்த தங்க நுண்துகள்களின் இடத்தைக் கண்டதோடு, மனித உடலளவுப் பொருள்களில் இச்சிதறலைக் குறைக்கும் வழியையும் வெளியிட்டனர். எனினும், இம்முறை இன்னும் மருத்துவமனைகளின் வழக்காகவில்லை.

ஈண்டு ஒன்று தெளிதற்குரியது. கருவி காட்டுவது தங்கம் உள்ள இடத்தையே. புற்று உள்ள இடத்தையன்று. எதிர்ப்புரதம் பிறழ்ந்து நலமுள்ள திசுவைப் பற்றுமாயின், படம் பிழையற்றதாயினும் முடிபு பிழையாகும். ஆதலின் இம்முறையின் வெற்றி கதிரின் கூர்மையோடு, அத்துகளை உரிய இடத்திற் சேர்க்கும் புரதத்தின் நம்பகத்தையும் சார்ந்தது என்க.