கடல்நீர் வெப்பநிலைப் பதிவிக்குரிய யூ.எஸ்.பி. இடைமுகச் சில்லு: வேம்பார்த் தீவுக்கூட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் நல்லதண்ணி, புழுவினிச்சல்லி, உப்புத்தண்ணி ஆகியவை வேம்பார்க் கூட்டம் எனப்படும். இவ்வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமிகுதியால் பெரிதும் வெளிறின. வெளிறலை ஆராய்வதற்கு இடைவிடாத வெப்பநிலைப் பதிவு இன்றியமையாதது. நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு அத்தகைய பதிவியைக் கல்லூரி ஆய்வகத்திலேயே அமைக்கலாம். அதில் திரளும் தரவைக் கணினிக்கு மாற்றும் யூ.எஸ்.பி. இடைமுகச் சில்லைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

சில்லின் பணி

நுண்கட்டுப்படுத்தி அனுப்பும் தொடர்முறைத் தகவலை யூ.எஸ்.பி. முறைக்கு மாற்றுவதே இச்சில்லின் பணி. எஃப்.டி.232ஆர், சி.பி.2102, சி.எச்.340ஜி ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. இறுதியானது விலை குறைந்தது. எனினும் அதற்குப் புறத்தே 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் தேவை. ஏனைய இரண்டும் கடிகாரத்தை உள்ளேயே கொண்டவை.

மின்செலவு

கடலடிப் பதிவிக்கு மின்கலமே உயிர். உறக்கநிலையில் நுண்கட்டுப்படுத்தி சில மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொள்ளும், எஃப்.டி.232ஆர் சில்லோ ஏறத்தாழ 70 மைக்ரோஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அதாவது, ஓராண்டில் 600 மில்லிஆம்பியர்-மணி வீணாகும். ஆகவே, சில்லுக்கு மின்கலத்திலிருந்து அன்றி, யூ.எஸ்.பி. வடத்திலிருந்தே மின்சாரம் தருதல் வேண்டும். வடம் இணைக்கப்படாதபோது நுண்கட்டுப்படுத்தியின் அனுப்புமுனை வழியாகச் சில்லுக்குள் மின்சாரம் கசியக்கூடும். அம்முனையை அப்போது தாழ்நிலையில் வைப்பது இக்கசிவைத் தடுக்கும்.

அடையாளமும் இயக்கியும்

எஃப்.டி.232ஆர் சில்லு ஒவ்வொன்றும் தனக்கெனத் தொடர் எண் உடையது. சி.பி.2102 சில்லில் வேண்டிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். சி.எச்.340ஜி சில்லில் தொடர் எண் இல்லை. எனவே மூன்று தீவுகளின் பதிவிகளை ஒரே கணினியில் இணைத்தால் எது எத்தீவினது என்னும் குழப்பம் நேரும். தரவின் முதல் வரியிலேயே தீவின் பெயரை நுண்கட்டுப்படுத்தி எழுதுமாறு செய்வது இதற்குத் தீர்வாகும்.

லினக்ஸ் கருவில் இம்மூன்றிற்கும் இயக்கிகள் உள்ளன. விண்டோஸில் போலிச் சில்லு இடர் தரலாம். 2014ஆம் ஆண்டு எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட இயக்கி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கியது. அவற்றைக் கணினிகள் அறியாமற்போயின. எதிர்ப்பு எழவே அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது.

முடிவுரை

வகுப்பறைப் பயிற்சிக்குச் சி.எச்.340ஜி போதுமானது. கடலில் இடும் பதிவிக்கு, ஏற்புடைய விற்பனையாளரிடம் பெற்ற எஃப்.டி.232ஆர் அல்லது சி.பி.2102 பொருந்தும். விலை வேறுபாடு சிறிது. தவறவிட்ட ஒரு கோடைக்காலத் தரவையோ மீண்டும் பெற இயலாது.