மாவலியும் தென்துருவக் கடலும்

கண்டியை வளைந்தோடும் மாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. அதற்கப்பால், வங்கக் கடலின் அடியாழத்து நீர் மிகக் குளிர்ந்திருப்பது ஏன்? அது தென்துருவத்திலிருந்து வந்த நீர்.

அந்தாட்டிக்காக் கரையோரத்திற் கடல்நீர் உறையுங்கால் உப்பின் பெரும்பகுதியை வெளியேற்றுகின்றது. எஞ்சிய நீர் உவர்ப்பு மிகுந்து, கனத்து, அமிழ்ந்து, நெடுங்காலம் வடக்கு நோக்கி ஊர்கின்றது. கடலடி உயிர்களுக்கு ஒட்சிசனையும் சுமந்து வருகின்றது. நிலத்துப் பனிப்பாளங்கள் உருகி நன்னீர் பெருகின் கடல்நீரின் கனம் குறையும், அமிழ்தலும் தளரும்.

இத்தகைய மாற்றங்களை ஆராயும் அறிஞர்க்கென அந்தாட்டிக்க ஆராய்ச்சி விஞ்ஞானக் குழுவின் 10ஆவது திறந்த மகாநாட்டை 2022 ஓகஸ்டில் இந்தியா இணையவழியாக நடாத்தியது. பனிகாணா நாட்டினர்க்கும் அவ்வாராய்ச்சியிற் பங்குண்டு. மலைநாட்டு மாணவரும் அதனைக் கற்றல் வேண்டும். நம் ஆறு சேருங் கடலின் அடியிலேயே துருவம் இருக்கின்றதன்றோ?