‘மாவுப்பூச்சி போகல, அக்கா!’

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில், லாசால் பகுதி மருத்துவமனையில் 2012-இன் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சிறிய அறுவை சிகிச்சைக்கு வந்த 98 பேர் அதில் கலந்துகொண்டார்கள். யாருக்கும் முழு மயக்கம் கொடுக்கவில்லை. அறுக்க வேண்டிய பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அதனால் மேசையில் படுத்திருந்தவர்கள் விழித்தபடியே இருந்தார்கள்.

அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டாம் பிரிவினர் செல்போனில் ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ விளையாடினார்கள். மூன்றாம் பிரிவினர் தங்கள் வீட்டாரோடோ நண்பரோடோ குறுஞ்செய்தியில் பேசினார்கள். நான்காம் பிரிவினரும் குறுஞ்செய்தியில்தான் பேசினார்கள். ஆனால் எதிர்முனையில் இருந்தவர் முன்பின் தெரியாத ஒருவர். ஆய்வுக்குழுவைச் சேர்ந்த அந்த உதவியாளருக்கு இடப்பட்ட வேலை ஒன்றுதான்: படுத்திருப்பவர் யார், எவர், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பேசித் தெரிந்துகொள்வது.

அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலிமருந்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்ததா என்பதை மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாயின. முகம் தெரியாதவரோடு பேசியவர்களைவிட, வெறுமனே படுத்திருந்தவர்களுக்கு அந்த மருந்து தேவைப்படும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வீட்டாரோடு பேசியவர்களோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கு மேல். விளையாடியவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 98 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆகவே இந்த மடங்குக் கணக்கைக் கல்மேல் எழுத்தாகக் கொள்ள வேண்டாம். ஆனால் முடிவு காட்டும் திசை யோசிக்க வைக்கிறது. பெற்று வளர்த்தவரும் கட்டிக்கொண்டவரும் தந்த ஆறுதலுக்கு எந்த வகையிலும் குறையாத ஆறுதலை, முகம் தெரியாத ஓர் ஆள் எப்படித் தந்தார்?

அதற்கான தடயம் அந்தக் குறுஞ்செய்திகளிலேயே இருந்தது. வீட்டாரோடு நடந்த பேச்சில் உடம்பும் நோவும் பற்றிய சொற்கள் அதிகம். வலிக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகும், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கவலை சுற்றிச் சுற்றி வந்திருக்கும். புதியவரோடு நடந்த பேச்சில் மகிழ்ச்சியான சொற்கள் கூடுதல். படுத்திருந்தவர் தன்னைப் பற்றி, தனக்குப் பிடித்ததைப் பற்றி, தனக்குப் பெருமை தருவதைப் பற்றி எழுதியிருந்தார். அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் நோயாளியாக மட்டும் இருக்கவில்லை.

ஒரே விருப்பத்தால் இணையத்தில் கூடிய குழுக்கள் அனைத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். மாடித்தோட்டம் போடுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், அஞ்சல்தலை சேர்க்கிறவர்கள், குரோஷா பின்னுகிறவர்கள் என்று எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றதும் குழு பதறுகிறது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த அன்பு மெய்யானது. அதை உடம்புக்கு எட்டும் உதவியாக மாற்ற முடியுமா என்பதுதான் இங்கே நாம் பார்க்க வேண்டியது.

முதலில் வலியைப் பார்ப்போம். அதே மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்பவரோடு சேர்ந்து 1965-இல் ‘வாயில் கட்டுப்பாடு’க் கொள்கையை வெளியிட்டார். காயத்திலிருந்து கிளம்பும் நரம்புச் சமிக்ஞை அப்படியே மூளையை அடைவதில்லை. முதுகுத்தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு அதைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது என்றார்கள். மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் அந்த வாயிலை இயக்குகின்றன. கவனம் எங்கே இருக்கிறது, பயம் எவ்வளவு, துணை இருக்கிறதா என்பதெல்லாம் அந்த வழியாகத்தான் வலியின் அளவில் புகுந்துவிடுகின்றன. கொள்கையின் நுணுக்கங்கள் பிறகு பலவாறு திருத்தப்பட்டன; மூளை வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. ஆகவே பேச்சால் வலி குறைந்தது என்று ஒருவர் சொன்னால், அது வெறும் மனப்பிரமை என்று தள்ள வேண்டியதில்லை. நரம்பு வழியாகவே நடக்கிற காரியம் அது.

வலி போகட்டும், காயம் ஆறுவதையும் மனநிலை தொடுமா? தொடும் என்று மிகத் துல்லியமாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் தம்பதியும் அவர்கள் குழுவினரும். 1995-இல் அவர்கள் மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் ஏற்படுத்தி, அது மூடும் நாளைக் கணக்கிட்டார்கள். பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் அதிகம் பிடித்தது.

மூன்று ஆண்டு கழித்து, இதே குழு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் அதே அளவு காயத்தை இரண்டு முறை உண்டாக்கிப் பார்த்தது. ஒன்று கோடை விடுமுறையில், மற்றது தேர்வுக்குச் சில நாள் முன்பு. தேர்வுக்கால காயம் ஆற சராசரியாக 40% கூடுதல் நேரம் எடுத்தது. விடுமுறையில் ஆறியதைப் போலத் தேர்வு நேரத்தில் விரைவாக ஆறியவர் அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை. இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இளம் வயது, நல்ல உடல்நலம், சின்னஞ்சிறு காயம். அதையே ஒரு தேர்வு பயம் இவ்வளவு தாமதப்படுத்துமானால், வயிற்றைத் திறந்து தைத்த ஒருவர் இரவெல்லாம் தனிமையில் விழித்துக் கிடப்பது என்ன செய்யும்?

காரணமும் ஓரளவு தெளிவாகவே தெரியும். காயம் பட்ட முதல் சில நாளில் அந்த இடம் சிவந்து வீங்குவது அவசியமான அழற்சி. அங்குள்ள செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அவை கிருமியையும் இறந்த திசுவையும் அகற்றிய பிறகே புதுத் திசு வளரும். மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் சுரப்பு கூடுகிறது. கார்டிசால் இந்தப் புரதங்களின் சுரப்பை அடக்குகிறது. அழைப்புப் போக வேண்டிய நேரத்தில் போகாததால் துப்புரவு தாமதமாகிறது, அதன்பின் வரும் ஒவ்வொரு கட்டமும் பின்தங்குகிறது.

அதே குழு 2005-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. 42 தம்பதிகளை இருமுறை மருத்துவமனையில் தங்கவைத்து, கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கினார்கள். ஒருமுறை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். மறுமுறை வழக்கமாகச் சண்டை வரும் விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். சண்டைப் பேச்சுக்குப் பிறகு காயம் மெதுவாகத்தான் ஆறியது. எப்போதும் கடுகடுப்போடு பேசும் தம்பதிகளுக்குக் காயம் ஆறிய வேகம், இணக்கமானவர்களின் வேகத்தில் 60% மட்டுமே. பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் போதாது, பேச்சின் தன்மையும் முக்கியம் என்று தெரிகிறது.

அப்படியானால் தூரத்திலிருந்து திரை வழியாக வரும் நல்ல பேச்சு கணக்கில் சேருமா? வலியைப் பொறுத்தவரை மாண்ட்ரியல் ஆய்வு சேரும் என்கிறது. திரைவழி உறவின் ஆழத்துக்கு நார்வே நாட்டில் ஒரு சான்று உண்டு. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் டுஷேன் தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014-இல் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் போய்விட்டானே என்று பெற்றோர் கலங்கினார்கள். அவர் இறந்த செய்தி வெளியானதும், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டில் அவரோடு ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள் ஐரோப்பா எங்கிருந்தும் எழுதினார்கள்; சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். 2024-இல் இவரைப் பற்றி ஆவணப்படமும் வெளிவந்தது. அவர்கள் எழுதியதில் நோய் கொஞ்சமே இருந்தது. தங்கள் துயரங்களில் அவர் துணைநின்றதைத்தான் நிறைய எழுதியிருந்தார்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் 423 முதிய தம்பதிகளை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவியும் ஆதரவும் தந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆதரவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தகைய பலன் தென்படவில்லை. ஏற்கெனவே நலமாக இருப்பவர்தான் உதவ முடியும் என்பதால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நீடித்தது.

இப்போது ஒரு மாடித்தோட்டக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோரும் யோசனை கேட்கும் ஓர் அக்கா குடலிறக்க அறுவை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். பூந்தொட்டியைத் தூக்கக் கூடாது, மாடிப்படி இப்போதைக்குக் கூடாது. குழுவில் நூறு பேர் ‘சீக்கிரம் குணமடையுங்கள்’ என்று எழுதிவிட்டார்கள். நூற்றியோராவது ஆள் இப்படி எழுதுகிறார்: “அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வேப்பெண்ணெய் அடிச்சேன். செம்பருத்தியில மாவுப்பூச்சி போகல. போட்டோ அனுப்பட்டுமா? முடியும்போது பாத்துச் சொல்லுங்க, அவசரமில்ல.” என் பார்வையில் அந்த நூறு வாழ்த்தைவிட இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். கேள்வியைப் படிக்கும் அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், இலையின் அடிப்பக்கம் தெளித்தாயா என்று கேட்கிறார், எறும்பு ஏறுகிறதா என்று விசாரிக்கிறார். மாண்ட்ரியலில் அந்தப் புதியவர் செய்த வேலையை இந்தத் தம்பி தெரியாமலே செய்துவிட்டார். அக்காவின் அறிவு இன்னும் நாலு பேருக்கு வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு எட்டிவிட்டது.

இன்னொரு உதவியும் குழுவால் முடியும். பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்த ஆண்களை வைத்து ஜேம்ஸ் குலிக், ஹைக் மாலர் என்ற உளவியலாளர்கள் 1987-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவை முடிந்து தேறிவரும் ஒருவரோடு அறையைப் பகிர்ந்தவர்களுக்கு, தன்னைப்போலவே காத்திருக்கும் ஒருவரோடு தங்கியவர்களைவிடப் பதற்றம் குறைவு. அறுவைக்குப் பின் அவர்கள் அதிகம் நடந்தார்கள், வீட்டுக்கும் முன்னதாகப் போனார்கள். பெரிய குழுவில் அறுவை மேசையைப் பார்த்து வந்தவர் யாராவது இருப்பார். அவர் தனியாக அழைத்து, முதல் இருமல் எப்படி வலிக்கும், எழும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு எழுந்தது எப்படி உதவியது என்று சொன்னால் போதும்.

குழுவின் அன்பு நோயைக் குணமாக்காது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1989-இல் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஆதரவுக் குழுவில் கூடியதால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்கானது என்று எழுதியபோது உலகமே வியந்தது. கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 2007-இல் ஸ்பீகல் தாமே மீண்டும் செய்து வெளியிட்டபோதும் அந்தப் பலன் ஒட்டுமொத்தமாகக் கிடைக்கவில்லை. ஆனால் கனடா ஆய்வில் குழுவில் இருந்த பெண்களுக்கு மனத்துயரும் வலியும் குறைவாகவே இருந்தன. குழுவிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்.

எதிர்பார்க்கக் கூடாதது மருத்துவம். கசாயம், களிம்பு, ‘மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்’ என்ற யோசனை எதுவும் குழுவில் வரக் கூடாது; நடத்துபவர் கண்டிப்பாக நீக்க வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், பரவும் சிவப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் என்று யாராவது எழுதினால் அதற்கு ஒரே பதில், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்பதுதான். கால் சிரையில் கட்டிய இரத்தம் நுரையீரலின் இரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை முடிந்ததும் மெல்ல எழுந்து நடக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாள் கணக்கும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே தோல் மூடிவிட்டாலும், மூன்றாவது வாரத்தில் காயத்தின் வலிமை பழையதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80% வரும். அதற்குமேல் பெரிதாக ஏறாது. ஆகவே “இன்னும் மாடிக்கு வரலையா?” என்று உற்சாகப்படுத்துவது ஆபத்தில் முடியலாம். இன்னொரு பக்கம், வாழ்த்துகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. பார்க்க வந்தவர்கள் போய்விடுவார்கள், வீட்டார் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், உடம்பு மட்டும் இன்னும் தேறியிருக்காது. அந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் குழு தேவைப்படுகிறது.

உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்றாவது வாரம் பிறந்ததும் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி மெய்யாகவே உங்களுக்கு எழுந்த சந்தேகத்தைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். வந்ததும் அவர் சொன்னபடி செய்துபார்த்து, என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள்.