புவிக்குறியாக்கம்

புவிக்குறியாக்கம் என்பது ஒரு முகவரியை, அது சுட்டும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய ஆள்கூறுகளாக மாற்றும் செயன்முறை ஆகும். ஆங்கிலத்தில் இது ஜியோகோடிங் எனப்படுகின்றது. ஆள்கூறுகளில் இருந்து முகவரியைக் கண்டறிவது மீள்புவிக்குறியாக்கம் எனப்படும். முகவரி மனிதர் படிப்பதற்கென அமைந்தது. தொலைவை அளக்கவும் வழியைக் கணிக்கவும் கணினிக்கு ஆள்கூறுகள் தேவை. அவசர ஊர்திச் சேவை, பொருள் விநியோகம், நோய்ப்பரவல் ஆய்வு முதலிய துறைகளில் இது பயன்படுகின்றது.

வரலாறு

முகவரிகளை வரைபடத்தில் குறிக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. 1854 ஆம் ஆண்டில் இலண்டனின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் ஜான் சுனோ இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் கையால் குறித்தார். இறப்புகள் பிராட் தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்றித் திரண்டிருந்தமை அதில் தெளிவானது.

கணினிவழிப் புவிக்குறியாக்கத்துக்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் அடித்தளமிட்டது. 1960களின் பிற்பகுதியில் அது உருவாக்கிய டைம் என்னும் கோப்பு முறையில், ஒவ்வொரு தெருத்துண்டும் அதன் இருபுறக் கதவு எண்களின் வீச்சுடன் பதிவு செய்யப்பட்டது. 1990 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கென உருவான டைகர் தரவுத்தளம் இதன் வழிவந்தது.

செயன்முறை

பொதுவாக இது நான்கு படிகளில் நடைபெறுகின்றது.

1. பகுத்தல்: முகவரியைக் கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எனப் பிரித்தல்.
2. சீராக்கல்: சுருக்கங்களையும் எழுத்து வேறுபாடுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்தல்.
3. பொருத்துதல்: தரவுத்தளத்தில் உரிய தெருவைத் தேடிக் கண்டறிதல்.
4. இடங்காணல்: கண்டறிந்த தெருவில் குறித்த எண்ணுக்கு உரிய புள்ளியைக் கணித்தல்.

ஒவ்வொரு வீட்டின் ஆள்கூறும் தரவுத்தளத்தில் இருந்தால் நான்காம் படி எளிது. இல்லாதபோது இடைக்கணிப்பு முறை கையாளப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 400 மீட்டர் நீளமுள்ள தெருத்துண்டு ஒன்றின் ஒருபுறத்துக்கு 100 முதல் 198 வரையான இரட்டை எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். 124 ஆம் எண் வீடு, தொடக்கத்தில் இருந்து 24/98 பங்கு தொலைவில், அதாவது ஏறத்தாழ 98 மீட்டரில் இருப்பதாகக் கணிக்கப்படும்.

துல்லியம்

மேற்கண்ட கணிப்பு, ஒதுக்கப்பட்ட எண்கள் யாவும் சீரான இடைவெளியில் பயன்பாட்டில் உள்ளன என்னும் எடுகோளைச் சார்ந்தது. அதே தெருவில் பெரிய மனைகள் அமைந்து, எண்கள் 130 உடன் முடிந்துவிட்டால், 124 ஆம் எண் வீடு உண்மையில் 24/30 பங்கு தொலைவில், அதாவது 320 மீட்டரில் இருக்கும். பிழை 222 மீட்டர் ஆகும். அவசர ஊர்தி தவறான வாசலில் நிற்க இது போதுமானது.

ஆயினும் விடை ஆறு தசம இடங்களுடன் காட்டப்படலாம். அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆதலால், ஆறாம் தசம இடம் சுமார் 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். எனவே தசம இடங்களின் எண்ணிக்கை துல்லியத்துக்குச் சான்றாகாது.

தெரு கிடைக்காதபோது சில மென்பொருள்கள் ஊரின் அல்லது அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் மையப்புள்ளியை விடையாகத் தருகின்றன. தோல்வியுற்ற தேடல்கள் சுழியம் எனப் பதிவானால், அவை அகலாங்கும் நெட்டாங்கும் சுழியமாகும் கினி வளைகுடாக் கடற்பகுதியில் புள்ளிகளாகத் தோன்றும். இதனால் ஆள்கூறுடன், அது வீடு, தெரு, ஊர் ஆகியவற்றுள் எந்த மட்டத்தில் பொருந்தியது என்பதையும் சேமிப்பது இன்றியமையாதது.

முகவரி முறைகளின் தாக்கம்

இடைக்கணிப்பு எல்லா நாடுகளுக்கும் பொருந்துவதில்லை. சப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் இல்லை. முகவரி தெருவை அன்றி நிலத்தொகுதியைச் சார்ந்தது.

சென்னையில் கதவுகளுக்கு மறு எண் இடப்பட்டதால் முகவரிகளில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதப்படுகின்றன. எது எதுவெனக் குறிக்காவிடில் ஒரே எண் இரு வீடுகளைச் சுட்டக்கூடும். அண்ணா சாலை இன்றும் மவுண்ட் ரோடு எனவும் வழங்குவதால், மாற்றுப் பெயர்களும் தரவுத்தளத்தில் இடம்பெற வேண்டும். 1972 இல் அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் ஒரு பகுதியையே குறிக்கும். இந்திய அஞ்சல் துறை 2025 இல் அறிமுகப்படுத்திய டிஜிபின், ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குப் பத்து எழுத்துக் குறியீட்டை வழங்குகின்றது. இக்குறியீடு ஆள்கூறில் இருந்தே பெறப்படுவதால், அதனை மீண்டும் ஆள்கூறாக மாற்றத் தெருத் தரவு தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

புவியியல் தகவல் முறைமை
அகலாங்கு
நெட்டாங்கு