இறுகிய முதுகெலும்பு நோயாளிகளின் கழுத்து முறிவும் அதனைக் கையாளும் முறையும்

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது முதுகெலும்பைப் பற்றும் நாட்பட்ட அழற்சி நோயாகும். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும் இந்நோய் முற்றும்போது, முள்ளெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் இடைவட்டின் வெளிவளையமும் எலும்பாக மாறுகின்றன. தனித்தனியே அசைந்தவை ஒரே தண்டாகின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் காணும் கணுத்தோற்றம் கருதி இதனை ‘மூங்கில் முதுகெலும்பு’ என்பர். உவமை தோற்றத்தளவில் மட்டுமே பொருந்தும். மூங்கில் வளையும், இது வளையாது. மேலும், உள்ளிருக்கும் எலும்பு அடர்த்தி குறைந்து நொய்ந்திருக்கும். எனவே குளியலறையில் வழுக்கி விழுவதே முறிவுக்குப் போதுமானதாகிறது.

முறிவு பெரும்பாலும் கழுத்தின் கீழ்ப்பகுதியில், 5 முதல் 7 வரையிலான முள்ளெலும்புகளை ஒட்டி நிகழ்கிறது. மேலே தலையின் பாரம், கீழே இறுகிய உடற்பகுதி. இரண்டும் நீண்ட நெம்புகோல்களாகச் செயற்பட, அசைவு முழுவதும் முறிந்த இடத்திலேயே குவிகிறது. அசைவைத் தடுக்க வேண்டிய தசைநார்களும் எலும்போடு சேர்ந்தே முறிந்திருக்கும்.

இங்கேதான் வழக்கமான முதலுதவி தீங்காக மாறுகிறது. கழுத்தில் அடிபட்டவரை மல்லாத்தி, கழுத்தை நேராக்கி, கடினமான கழுத்துப்பட்டை அணிவிப்பது பொதுவிதி. ஆனால் பல்லாண்டுகளாகத் தலை முன்கவிழ்ந்து இறுகிய ஒருவருக்கு அக்கவிழ்ந்த நிலையே இயல்புநிலை. அதனை ‘நேராக்கினால்’ முறிவு முன்புறம் வாய்பிளந்து, தண்டுவடம் நசுங்கக்கூடும். விழுந்தபின் கைகால்களை அசைத்துக்கொண்டிருந்தவர் மருத்துவமனையில் கிடத்தப்பட்டபின் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ஆகவே, விழுவதற்கு முன் தலை எவ்வாறு இருந்தது என்று உறவினரிடம் கேட்டறிந்து, தலையணைகளையோ மடித்த விரிப்புகளையோ அடுக்கி அந்நிலையிலேயே தாங்குதல் வேண்டும். பழைய நிழற்படம் ஒன்றும் உதவும். படமெடுக்கும் மேசையிலும் அறுவை மேசையிலும் இதே கவனம் தேவை. மயக்கமருந்துக்குமுன் மூச்சுக்குழாயில் குழல் செருகும்போதும் கழுத்தைப் பின்வளைக்காது, நெகிழ்வான ஒளியிழைக் கருவியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

நோயறிதலில் தாமதம் மிகுதி. வலி பழகிப்போன நோயாளி இதையும் பழைய வலியென்றே கருதுகிறார். எக்ஸ் கதிர்ப் படத்தில் தோள்கள் கீழ்க்கழுத்தை மறைக்கின்றன. விழுந்தபின் ‘இப்போது நிமிர்ந்து பார்க்க முடிகிறது’ என்று அவர் மகிழ்ந்து கூறினால் அது நலமன்று, முறிவின் அறிகுறி. வேறிடத்திலும் முறிவு இருக்கலாமாகையால் முதுகெலும்பு முழுவதையும் சி.டி. எடுத்துப் பார்த்தல் தகும். தண்டுவட உறைக்கு வெளியே குருதி தேங்கியுள்ளதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

கழுத்துப்பட்டை மட்டும் இத்தகைய முறிவை நிலைநிறுத்தப் பெரும்பாலும் போதாது. ஆகவே அறுவைசிகிச்சை தாங்கக்கூடியவர்களுக்கு, நொய்ந்த எலும்பில் திருகுகள் தளராதிருக்க, முறிவுக்கு மேலும் கீழும் பல முள்ளெலும்புகளைச் சேர்த்து நீளமாகப் பொருத்துகின்றனர். விலா மூட்டுகளும் இறுகி மார்பு விரிய இயலாமையால், அறுவைக்குப்பின் நுரையீரல் தொற்று பெரும் இடராக நிற்கிறது. குருதித் தேக்கம் பல மணிநேரம் கழித்தும் தோன்றலாம் என்பதால், கைகால்களின் வலிமையையும் உணர்வையும் மீண்டும் மீண்டும் சோதித்துப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.