டிப்ளோபியா: நோயின் பெயரன்று

மருத்துவரின் சீட்டில் ‘டிப்ளோபியா’ என்று எழுதியிருப்பதைக் கண்டதும், புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டதெனச் சிலர் கலங்குகின்றனர். அச்சொல் எந்த நோயையும் குறிப்பதில்லை. ‘ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது’ என்று நோயாளி சொன்னதையே மருத்துவர் கிரேக்க வேர்ச்சொற்களால் எழுதியிருக்கிறார். ஆகவே ‘இது எதனால் வந்தது?’ என்று அவரிடம் கேட்பதே முறை.

கிரேக்கத்தில் ‘டிப்ளூஸ்’ என்றால் இரட்டை. ‘ஓப்ஸ்’ என்றால் கண். படித்துப் பெறும் ‘டிப்ளமோ’வும் முதல் வேரிலிருந்தே வந்தது, இரண்டாக மடித்த ஆவணம் என்பது அதன் பழம்பொருள். தமிழில் ‘இரட்டைப் பார்வை’ என்கிறோம். இரட்டிப்பது காட்சியே என்பதால் ‘இரட்டைக் காட்சி’ என்பது இன்னும் பொருந்தும்.

உண்மையில் நம் இரு கண்களும் எப்போதும் இரு காட்சிகளையே பெறுகின்றன. மூளை அவற்றை ஒன்றாக்குகிறது. சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் நிற்கும் நம் ஊரில் இதை விளக்குவது எளிது. ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. அவற்றை மூளையிலிருந்து வரும் 3 நரம்புகள் இயக்குகின்றன. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் கண்கள் ஒரே திசையில் நில்லா, காட்சிகள் பிரிந்துவிடும்.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்த்து வாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பின்பு அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால், கோளாறு கண்களின் இணக்கத்தில் உள்ளது. ஒரு கண்ணை மூடிய பின்னும் இரட்டை நீடித்தால், திறந்திருக்கும் கண்ணிலேயே கண்புரை போன்ற கோளாறு இருக்கலாம். இவ்வொரு விடையே மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும்.

நீரிழிவால் கண்நரம்பு தளர்ந்தவர்களுள் பலருக்குச் சில மாதங்களில் அது தானே சீராகிறது. மாலையில் இரட்டை மிகுந்து, ஓய்வெடுத்தால் குறைகிறதெனில் தசைச்சோர்வு நோயை ஐயுற வேண்டும். குழந்தைகளோ பெரும்பாலும் முறையிடுவதில்லை. அவர்களது மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும், நாளடைவில் அக்கண்ணின் பார்வை குன்றும். மாறுகண் தெரிந்தால் வளர்ந்தபின் சரியாகும் எனக் காத்திருத்தல் தவறு.

திடீரென இரட்டை தோன்றி, அதனுடன் கடுந்தலைவலி, இமை சரிதல், கண்மணி விரிதல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால், கண் மருத்துவருக்கான முறைநாளுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பக்கவாதமோ மூளை இரத்தக்குழாயின் வீக்கமோ காரணமாயிருக்கலாம். அந்நிலையில் வண்டியை நீங்களே ஓட்டி வருதல் கூடாது.