பழைய பிக்கப், முதுகில் ஒரு வீடு: தேனி மலைச்சாலைக்கு வண்டி பார்ப்பது எப்படி?

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு பழைய பிக்கப் வாங்கப் போறோம். லோடு அடிக்க இல்லை. பின்னாடி ஒரு பெட்டி வீட்டை ஏத்திக்க. படுக்க இடம், சின்ன அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் அதுக்குள்ள இருக்கும். வெளிநாட்டு வீடியோக்கள்ல ஸ்லைடு-இன் கேம்பர்னு காட்டுறாங்களே, அதுதான். ஊர் சுத்தி முடிச்சதும் பெட்டியை இறக்கி வச்சிட்டு வண்டியைத் தனியா ஓட்டலாம்.

ஏன் தேனி? கம்பம் பள்ளத்தாக்கே பிக்கப்லதான் நகருது. திராட்சை, வாழை, தக்காளி, தேங்காய், மலையிலிருந்து இறங்குற ஏலக்காய்னு எல்லாத்துக்கும் அதே வண்டி. அதனால டி.என். 60 நம்பர்ல பழைய பிக்கப் எப்பவும் விலைக்கு நிற்கும். ஒரு எச்சரிக்கை: இங்க புரோக்கர்கிட்ட போய் "கேம்பர் இருக்கா?"ன்னு கேட்டா பொலேரோ கேம்பரைக் காட்டுவார். அது ரெண்டு வரிசை சீட் வச்ச பிக்கப். பேர்லதான் கேம்பர். ஆள் உட்கார இடம் அதிகம், பின்னாடி தொட்டி குட்டை. ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கிற பெட்டி அதில் உட்காராது.

சரி, எந்த வண்டி? அந்தக் கேள்வியை நான் தள்ளி வைக்கிறேன். முதல்ல பெட்டியை எடை போடுங்க. பெட்டி இன்னும் கட்டலைன்னா காகிதத்துல போடுங்க. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 30 கிலோவுக்கு மேல வரும். தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, அப்போ 80 லிட்டர் டேங்க் 80 கிலோ. நிறைஞ்ச வீட்டு சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கிற பெரிய பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். மெத்தை, ஃப்ரிட்ஜ், பாத்திரம், துணி எல்லாம் சேர்த்தா "சின்னப் பெட்டிதானே"ன்னு ஆரம்பிச்சது 600, 700 கிலோவில் வந்து நிற்கும்.

இப்போ ஆர்.சி. புத்தகத்தைத் திறங்க. அதுல ரெண்டு எண் இருக்கும்: காலி எடை, லோடோட மொத்த எடை. உதாரணத்துக்கு மொத்தம் 2,900, காலி 1,700ன்னு வைங்க. மிச்சம் 1,200 கிலோ. இந்த 1,200க்குள்ளதான் பெட்டி, நீங்க, பக்கத்து சீட்ல இருக்கிறவர், பை எல்லாமே. காலி எடைக் கணக்குல டிரைவர் சேராது. அதோட, பழைய வண்டியில இரும்புக் கிரில், கனமான பம்பர், கூடுதல் பட்டைன்னு முன்னாடி வச்சிருந்தவர் சேர்த்திருப்பார். அதனால அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி வண்டியைக் காலியா எடை மேடைல ஏத்திப் பாருங்க. தேனி, கம்பம், போடி எங்கும் எடை மேடை இருக்கு. அந்தச் சீட்டுதான் உண்மை.

அந்த 1,200ஐ முழுசா நிரப்பலாமான்னா, நான் மாட்டேன். தக்காளிப் பெட்டி 1,200 கிலோ தரையோட அடங்கி உட்காரும். உங்க வீடு ஆள் உயரம். அதே எடை மேல ஏறும்போது கொண்டை ஊசி வளைவுல வண்டி வெளிப்பக்கம் சாயும். முக்கால் பங்கோட நிறுத்திக்கிறது என் கணக்கு. பேட்டரி, தண்ணி டேங்க் ரெண்டும் தரையோட, பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னாடி வர மாதிரி இருக்கணும். கனம் ஆக்சிலுக்குப் பின்னாடி தொங்கினா முன் சக்கரம் லேசாகும். போடிமெட்டு ஏத்தத்துல ஸ்டீயரிங் பிடிமானம் குறையறது அப்போ தெரியும்.

வண்டியோட பழைய கதையைப் படிக்கிறது அடுத்த வேலை. என்ஜின் சத்தத்தை எல்லாரும் கேட்பாங்க. நீங்க கீழே படுங்க. பின் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை, காலி வண்டியிலேயே நேரா, தட்டையா இருந்தா அது நிறைய சுமந்த வண்டி. பட்டைக் கட்டுல ஒண்ணு ரெண்டு புதுசா பளபளன்னு இருந்தா கூடுதலா சேர்த்திருக்காங்க. பட்டை கூட்டினா பிரேக் கூடாது. ஆக்சில், சேஸி, ஆர்.சி.யில இருக்கிற எண், எதுவும் மாறாது. "தாராளமா ரெண்டரை டன் அடிக்கலாம் தம்பி"ன்னு ஒருத்தர் பெருமையா சொன்னா அந்த வண்டியை விட்டுடுங்க. சேஸியில, பட்டை மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல வெல்டிங் தழும்பு, புது பெயின்ட் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. உரம் ஏத்துன வண்டி, மீன் ஏத்துன வண்டின்னா தொட்டித் தரையை அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்க்கணும். ரெண்டும் இரும்பைத் தின்னும்.

பிரேக் விஷயத்துல கொஞ்சம் நிற்கிறேன். போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். ஏறும்போது வண்டி முக்கும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்துல. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பின ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்களோட வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்துல விழுந்து 8 பேர் இறந்தாங்க. அந்த ரோட்டுலதான் நாமும் ஒரு வீட்டைச் சுமந்துக்கிட்டு இறங்கப் போறோம். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா டிரம் சூடாகி, லைனிங் பிடிமானம் இழக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது ஆகும்னா, ஈரம் ஏறினது 140லயே கொதிக்கலாம். கொதிச்சா குமிழி, குமிழி வந்தா மிதி தரைக்குப் போகும். அதனால பழைய வண்டி வாங்கினா முதல் செலவு பிரேக் ஆயில், லைனிங். ஸ்டீரியோ அப்புறம். இறக்கத்துல, ஏறின கியர்லயே இறங்குங்க. நியூட்ரல் போடறதோ என்ஜினை நிறுத்தறதோ கூடவே கூடாது. என்ஜின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது, மிதி கல்லாயிடும்.

டெஸ்ட் டிரைவை தேனி பைபாஸ்ல முடிச்சுடாதீங்க. தொட்டியில 500 கிலோ மணல் மூட்டை போட்டு கம்பம்மெட்டு ஏறி இறங்கணும்னு கேளுங்க. இறங்கினதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்க பிரேக் இழுத்துப் பிடிக்குது.

மாடல் பத்திச் சுருக்கமா. 2005ல வந்த டாடா ஏஸ் முக்கால் டன் வண்டி. குறுகலான அகலத்துக்கும் சின்ன என்ஜினுக்கும் மலைமேல பெட்டி வீடு வேண்டாம். 2011ல வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்னேகால் டன், இலகுவான பெட்டிக்குப் போதும். பொலேரோ பிக்கப்தான் இங்க ராஜா. சந்துக்குச் சந்து மெக்கானிக், உத்தமபாளையத்துலயும் ஸ்பேர் கிடைக்கும். வி-கிராஸ், ஹைலக்ஸ் பார்க்க மிரட்டலா இருக்கும். ஆனா ஆர்.சி.யில சுமக்கிற எடை பொலேரோ பிக்கப்பைவிட ரொம்பக் குறைவு. நகரத்து நண்பர்கள் ஏமாறுற இடம் இது.

சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டியைச் சேஸியோட வெல்டு பண்ணா அது மாற்றம். கழற்றி இறக்கக்கூடிய சுமையா வச்சிருங்க, அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துல முன்கூட்டிக் கேட்டு எழுத்துல வாங்குங்க. கேபினுக்கு மேல நீட்டுற அமெரிக்க மாடல் படுக்கை இங்க வம்பு. சுமை பாடியைத் தாண்டி நீட்டினாலும், எடை கூடினாலும் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்குது. ஓடும்போது பெட்டிக்குள்ள யாரும் இருக்கக் கூடாது. சாதாரண கார் லைசன்ஸ் போதும். 7,500 கிலோ வரைக்கும் அது செல்லும்னு 2024 நவம்பர்ல அரசியல் சாசன அமர்வே உறுதி செய்தது. மஞ்சள் போர்டுன்னா எஃப்.சி. உண்டு, 8 வருஷத்துக்கு மேல போனா வருஷா வருஷம். எம்-பரிவாகன் ஆப்ல எஃப்.சி., இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி மூணையும் பாருங்க. ஃபைனான்ஸ் கம்பெனி என்.ஓ.சி. கைக்கு வராம முழுப் பணமும் கொடுக்காதீங்க.

கடைசியா காத்து. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது சும்மா இல்லை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மேற்கிலிருந்து அடிக்கிற காத்து, உயரமான பெட்டியைப் பக்கவாட்டுல தள்ளும். வேகத்தைக் குறைங்க. நாலு மூலையிலயும் இழுத்துக் கட்டுற கொக்கி சேஸியோட சேர்ந்த இடத்துல இருக்கணும், தொட்டியோட தகரத்துல இல்லை. வாங்கும்போதே அந்த இடங்கள் துருப்பிடிக்காம இருக்கான்னு பார்த்துக்குங்க. பெட்டியை எந்தப் பொருள்ல, எப்படிக் கட்டறதுங்கறது பெரிய கதை. அடுத்த எபிசோடுல பேசுவோம்.